சனிக்கிழமை வரை மன்னிப்பு

அரண்மனையில் புழங்க வேண்டிய வார்த்தையை எடுத்துவந்து அடுக்களையில் புழங்குவான் இங்கிலீஷ்காரன். அதில் அவனுக்குக் கூச்சநாச்சமே கிடையாது. அம்னெஸ்டி அப்படி ஒரு வார்த்தை. அகராதியைப் புரட்டினால், கலகம் செய்தவர்களுக்கு அரசாங்கம் மனமிரங்கிக் கொடுக்கும் பொது மன்னிப்பு என்று போட்டிருக்கும். எங்கள் ஆபீஸுக்கு அது டீ ஸ்பூனுக்காக வந்தது. நான் அகராதியைப் புரட்டியதோ எல்லாம் கெட்டுக் குட்டிச்சுவரான பிறகு. முதலிலேயே புரட்டியிருந்தால் ஒரு நல்ல மனுஷி தலைகுனிய வேண்டி வந்திருக்காது.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. ஐம்பதுகளின் பின்பாதி. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், மிளகும் சுக்கும் கப்பலேற்றும் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை. நாங்கள் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த ராவுத்தர் குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், பள்ளிவாசலில் அரபு, ஆபீஸில் இங்கிலீஷ். நாலு பாஷை தெரிந்தவன் என்று நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வேன். நாலும் அரைகுறை என்று அம்மா சொல்வாள். அம்மாவுக்கு ஒரே பாஷைதான் தெரியும், ஆனால் அது முழுசாகத் தெரியும்.

கம்பெனி மேனேஜர் வெள்ளைக்காரர். கொச்சியில் வெள்ளைக்காரனைச் சாயிப்பு என்பார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் எங்களைப் போன்றவர்களைச் சாயபு என்று கூப்பிடுவார்கள். ஆக, ஒரே அறையில் ஒரு சாயிப்பும் ஒரு சாயபுவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். வார்த்தை ஒன்றுதான், நாற்காலிதான் வேறு.

அந்த வருடம் புதிதாக வந்த மந்திரிசபை ஜெயிலில் கிடந்தவர்களில் கொஞ்சம் பேரை வெளியே விட்டது. சாயிப்பு பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு, விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு, அம்னெஸ்டி என்று முணுமுணுத்தார். அதற்குப் பிறகு அந்த வார்த்தை அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டது. எதற்கெடுத்தாலும் அம்னெஸ்டி. ஒரு நாள் பேய்மழை. பாதிப் பேர் நேரம் கழித்து வந்தோம். சாயிப்பு வருகைப் பதிவேட்டை எடுத்துத் தன் மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். "இன்றைக்கு மழைக்காக அம்னெஸ்டி" என்று சிரித்தார். இன்னொரு நாள் கையெழுத்து வாங்க ஃபோர்ட் கொச்சியில் இருந்த அவர் பங்களாவுக்குப் போனேன். அவருடைய சின்ன மகள் வேகவைத்த கேரட்டைத் தின்ன மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. அவர் மனைவி மதாம்மா பெருமூச்சு விட்டு, "சரி, அம்னெஸ்டி" என்றாள். தட்டை எடுத்து அலமாரிக்குள் வைத்து மூடினாள்.

எனக்கு மின்னல் வெட்டியது. பதிவேடு இழுப்பறைக்குள் போனது, கேரட் அலமாரிக்குள் போனது. எதையாவது பத்திரமாக எடுத்து வைக்கும்போதெல்லாம் இவர்கள் அம்னெஸ்டி என்கிறார்கள். இது வேறெதுவும் இல்லை, நம்முடைய அமானிதம்தான்!

எங்கள் வீட்டில் அமானிதம் என்போம், மலையாளத்தில் அமானத்து. ஒருவர் நம்மை நம்பிக் கையில் கொடுத்த பொருள். கேட்கும்போது கொடுத்தபடியே திருப்பிக் கொடுக்க வேண்டும். அரபியிலிருந்து எத்தனையோ வார்த்தையை எடுத்த வெள்ளைக்காரன் இதையும் எடுத்து, வாயில் போட்டுக் குதப்பி அம்னெஸ்டி ஆக்கிவிட்டான் என்று எனக்குள் ஒரு பெரிய கண்டுபிடிப்பு. அன்று சாயங்காலம் அதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா மீன் உரசிக்கொண்டிருந்தாள். "அப்படியா" என்று சொல்லிவிட்டு அடுத்த மீனை எடுத்தாள்.

இனி ஸ்பூன் கதைக்கு வருகிறேன்.

ஆபீஸில் சாயா போட்டுக் கொடுத்தவர் ஒரு சேச்சி. நாற்பது வயது இருக்கும். வைப்பின் தீவிலிருந்து தினமும் படகில் வருவார். அவர் புருஷன் வலை போடுகிறவர். மார்பில் நோய் வந்து வீட்டோடு இருந்தார். இரண்டு பெண்கள் பள்ளிக்கூடத்தில். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது எங்கள் ஆபீஸ் அடுப்பு எரிந்ததால்தான். சேச்சி அதிகம் பேச மாட்டார். தட்டில் கோப்பை, சாஸர், ஸ்பூன் வைத்து மேசை மேசையாக வைத்துக்கொண்டே போவார். அரை மணி கழித்து அதே வரிசையில் எடுத்துக்கொண்டு போவார். ஸ்பூன்கள் சீமையிலிருந்து வந்தவை. பிடியில் ஒரு சின்னக் கப்பல் பொறித்திருக்கும்.

அந்தக் கப்பல்கள் ஒவ்வொன்றாகக் கரை கடந்துகொண்டிருந்தன. யார் எடுத்தது என்று கேட்பதைவிட, யார் எடுக்கவில்லை என்று கேட்பது சுலபம். ஹெட் கிளார்க் பாலக்காட்டு ஐயர். அவர் வீட்டில் பூஜைக்கு வைத்திருந்த உத்தரணி தொலைந்துபோய், அதற்குப் பதில் கம்பெனி ஸ்பூன் தீர்த்தம் கொடுத்துக்கொண்டிருந்தது. நானே கண்ணால் பார்த்தேன், சாமிக்கு முன்னால் கப்பல் படம். கிடங்கு மேஸ்திரியின் வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்பு எடுக்க ஒன்று இருந்தது. என் வீட்டில் மூன்று.

என் மூன்றுக்கும் காரணம் உண்டு. திருடனுக்குக் காரணமா பஞ்சம்? அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தார்கள். பிள்ளை இங்கிலீஷ் கம்பெனியில் இருக்கிறான் என்று அம்மா பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள். அப்படிப்பட்ட வீட்டில் பாயசத்தை விரலால் வழித்தா சாப்பிடச் சொல்வது? மாப்பிள்ளை, அவரைப் பெற்ற அத்தா, அவர் மாமா என்று மூன்று பேர் பெரிய மனுஷர்கள். மூன்று ஸ்பூனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன். மறுநாள் திருப்பி வைத்துவிடுவதாக இருந்தேன். கல்யாணம் முடிந்து அக்காவுக்குக் குழந்தையும் பிறந்துவிட்டது, ஸ்பூன் மட்டும் திரும்பிப் போகவில்லை.

ஒரு நாள் ஒரு கப்பல் கேப்டன் சாயிப்பைப் பார்க்க வந்தார். சேச்சி சாயா கொண்டுவந்து வைத்தார், தட்டில் ஸ்பூன் இல்லை. ஒன்றுகூட மிச்சம் இல்லையாம். கேப்டன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சாயிப்பின் மேசையிலிருந்த பென்சிலை எடுத்துச் சர்க்கரையைக் கலக்கிக் குடித்தார். அவர் போனதும் சாயிப்பின் முகம் வற்றல் மிளகாய் நிறத்தில் இருந்தது. ஸ்பூன்கள் எங்கே போயின என்று கேட்டார். ஹெட் கிளார்க் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. சாயா போடுகிற பெண்பிள்ளையைத்தான் கேட்க வேண்டும் என்றார். நான் டைப்ரைட்டர் ரிப்பனைச் சரி செய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

சாயிப்பு நியாயஸ்தர் என்று தன்னைப் பற்றி அவருக்கே ஒரு எண்ணம். ஒரு வாரம் டயம் கொடுப்போம் என்றார். சாயா அறைக்கு வெளியே ஒரு பெட்டி வைக்க வேண்டும். எடுத்தவர் கொண்டுவந்து போட்டுவிடலாம், யாரும் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணியோடு சரி. அதற்குள் வராவிட்டால் அந்தப் பெண்ணை நிறுத்திவிட வேண்டியதுதான். நோட்டீஸை வாயால் சொல்லி என்னை டைப் செய்யச் சொன்னார். தலைப்பே அம்னெஸ்டி. கிடங்கில் இருப்பவர்களுக்குப் புரிய மலையாளத்திலும் எழுதிப் போடு என்று ஹெட் கிளார்க் சொன்னார்.

நான் எழுதினேன். "கம்பெனி அமானத்துப் பெட்டி. சனிக்கிழமை உச்சி வரை இதில் போடலாம். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்." ஸ்பூன் என்ற சொல்லை எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை என்பதுதான் உண்மை. வீட்டில் மூன்றை வைத்துக்கொண்டு அதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்ட யாருக்குத்தான் கை வரும்? எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆபீஸில் தெரியும். கிடங்கில் தெரியாது. அங்கே சுக்குப் பொறுக்கும் பெண்களும் மூட்டை தூக்குகிறவர்களுமாக ஏகப்பட்ட பேர். கம்பெனி அமானத்து வாங்கி வைத்துக்கொள்கிறது, கேள்வியும் கேட்காது என்று ஒருவர் வாசித்துச் சொல்ல, சேதி பரவிவிட்டது. செவ்வாய்க்கிழமை முதல் பெட்டிக்குள் ஏதேதோ விழும் சத்தம் கேட்டது. ஸ்பூன் திரும்பி வருகிறது என்று சாயிப்பு கண்ணைச் சிமிட்டினார்.

புதன்கிழமை சேச்சி என் மேசையில் கோப்பையை வைத்துவிட்டு நின்றார். வழக்கமாக நிற்க மாட்டார்.

"சாறே, ஈ அமானத்து என்னு வச்சா எந்தாணு?"

கேட்டதே போதும், எனக்கு வாய் திறந்துகொண்டது. நம்பிக் கையில் கொடுத்த பொருள் என்றேன். தொலைந்து போனால்கூட வாங்கி வைத்தவர்தான் பொறுப்பு என்று பள்ளிவாசல் உஸ்தாது ரேஞ்சுக்கு விளக்கினேன்.

"அப்போ ஸ்பூன் என்டெ அமானத்தாணு, அல்லே? என்டெ கையிலல்லே தந்நது."

"ஆமா சேச்சி, அதேதான்" என்றேன். வார்த்தைக்கு அர்த்தம் சொல்லிவிட்ட சந்தோஷத்தில் அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

அன்று வீட்டில் அம்மாவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன், அந்த மூன்றையும் திருப்பி வைத்துவிடலாம் என்று பார்க்கிறேன், கம்பெனி அமானிதம்தானே என்று. அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"அமானிதம்னா ஒருத்தர் நம்பிக் கையில குடுத்தது. இதை உனக்கு யாருடா குடுத்தா? நீயா பையில போட்டுக் கொண்டாந்தே. அதுக்கு வேற பேரு இருக்கு. நான் வாயால சொல்ல வேண்டாம்னு பாக்கறேன்."

இத்தனை நாளும் எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லையே தவிர, தெரியாமல் இல்லை. மூன்றையும் புளி போட்டுத் தேய்த்து, காகிதத்தில் சுற்றி, சோற்றுப் பாத்திரத்தோடு பையில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை அவை என்னோடு ஆபீஸுக்கு வந்தன. பெட்டிப் பக்கம் போனேன். மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார், என்னைப் பார்த்ததும் தண்ணீர் குடிக்க வந்த மாதிரி பானைப் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்சம் கழித்துப் போனேன். ஹெட் கிளார்க் பெட்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். மேல்சட்டைப் பை புடைத்திருந்தது. கோயில் என்றால் கணக்குக்கு மூன்று சுற்று போதும், அவர் அதற்கு மேலும் சுற்றினார். கேள்வி கேட்க மாட்டார்கள், சரி. கண்ணை மூடிக்கொள்வதாக யாரும் சொல்லவில்லையே. இன்னொருவர் முதலில் போடட்டும் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தோம். சனிக்கிழமை காலையிலும் அதே கூத்து. பன்னிரண்டு அடித்தது. என் மூன்றும் என் பையிலேயே இருந்தன.

சாயிப்பு எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தார். முதலில் வந்தது ஒரு ரேஷன் கார்டு. அப்புறம் துணியில் முடிந்த ஒற்றைத் தோடு. குடிகாரப் புருஷனுக்குப் பயந்து ஒருத்தி போட்டிருக்கிறாள். ஒரு நிலப் பத்திரம், தம்பி கையில் சிக்கக் கூடாதாம். ரோஸ் ரிப்பன் கட்டிய ஒரு கத்தைக் கடிதம் வெளியே வந்தபோது கூட்டத்தில் ஒருவர் மெல்ல நழுவினார், அவருக்கு நாலு பிள்ளைகள். கடைசியில், சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு பல்செட். ஊருக்குப் போகிற கிழவர் யாரோ, வழியில் தொலைந்துவிடும் என்று கம்பெனியை நம்பி விட்டுப் போயிருக்கிறார். சாயிப்பு அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் கூரையில் ஓடு எண்ணினேன்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வெள்ளைத் துணி மூட்டை இருந்தது. அவிழ்த்தால் ஸ்பூன்கள். இருபதுக்கு மேல் இருக்கும். ஒன்றில்கூடக் கப்பல் இல்லை. சிலதில் பூவேலை, சிலதில் யாருடைய பெயரெழுத்தோ. எங்கள் ஸ்பூன்களைவிட எல்லாமே ஒஸ்தி. அந்தச் சமயம் யூதர்கள் குடியிருந்த ஜூ டவுனில் வீடு வீடாக இஸ்ரவேலுக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். தூக்கிப் போக முடியாத சாமானெல்லாம் பழைய சாமான் கடைகளில் குவிந்து கிடந்தது.

யாருடையது என்று சாயிப்பு கேட்டார். சேச்சி கையைத் தூக்கினார். என் கையில் தந்தது என் பொறுப்பில் தொலைந்தது, அதனால் பதிலுக்கு வாங்கி வைத்தேன் என்று மலையாளத்தில் சொன்னார். வளர்த்த ஆட்டை விற்றாராம். நான் சாயிப்புக்கு அதை இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினேன். அவர் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்குப் புரிந்துவிட்டதாம். எடுத்தவள், விற்றுத் தின்றவள், மனசாட்சி உறுத்தி வேறு வாங்கி வைத்திருக்கிறாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தன் அம்னெஸ்டி ஒரு ஏழைப் பெண்ணின் மனசைத் திருத்திவிட்டதே! நீ மன்னிக்கப்பட்டாய், உன் பெயரில் ஒரு வரிகூட எழுத மாட்டோம், பழையபடி வேலைக்கு வரலாம் என்று சொல்லிவிட்டு, "அவளிடம் சொல்" என்றார்.

மன்னிப்பு. அந்த நிமிஷத்தில்தான் வார்த்தைக்கு அர்த்தம் எனக்கு விளங்கியது. பொய்யாக மாற்றிச் சொல்லலாம் என்றால் பக்கத்திலேயே ஹெட் கிளார்க் நிற்கிறார்.

"சேச்சி, சாயிப்பு மாப்பு தந்நிரிக்குன்னு."

"எந்தினு?"

"ஸ்பூன் எடுத்ததினு."

சேச்சி என்னைப் பார்த்தார். சாயிப்பைப் பார்க்கவில்லை.

"ஞான் எடுத்திட்டில்லல்லோ சாறே."

அவள் எடுக்கவில்லை என்கிறாள் என்று சாயிப்பிடம் சொன்னேன். அவர் அன்பாகச் சிரித்தார். ஒப்புக்கொள்ளக்கூட வேண்டாம், அதுதானே அம்னெஸ்டியின் அழகு என்றார். அதையும் நான் மொழிபெயர்த்துத் தொலைத்தேன்.

"எனிக்கு ஈ மாப்பு வேண்டா" என்றார் சேச்சி. குரல் உயரவில்லை. "எடுக்காத்ததினு மாப்பு வாங்ஙிச்சா எடுத்ததாயிப்போகும். எனிக்கு ரெண்டு பெண்மக்களாணு. தந்நது திரிச்செடுக்கான் பற. அது வரை ஞான் வரில்ல."

கொடுத்த மன்னிப்பைச் சாயிப்பு திரும்ப எடுத்துக்கொள்ளும் வரை வேலைக்கு வர மாட்டாராம். இடுப்பில் செருகியிருந்த சாயா அறைச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். படித்துறைப் பக்கம் நடந்து போய்விட்டார். சாயிப்புக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. விட்டுவிட்டோமே, இதற்கு மேல் அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஹெட் கிளார்க் என் காதில், "இனாமாக் கெடைக்கற மன்னிப்பை வேண்டாங்கறவளை இப்பத்தான் ஓய் பாக்கறேன். நாமன்னா வாங்கிப் பையில போட்டுண்டிருப்போம்" என்றார். அவர் பையில் ஏற்கெனவே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் ஞாயிறு, படகேறி வைப்பினுக்குப் போனேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இரவெல்லாம் தூங்கவில்லை என்று சொன்னால் பொய், தூங்கினேன். எழுந்ததும் வெட்கம்தான் முதலில் வந்தது. எனக்கு முன்பே சேதி கரையேறிவிட்டிருந்தது. நான் கேட்கும் முன்பே, கம்பெனி ஸ்பூன் எடுத்து மாட்டியவளின் வீடு அதோ என்று ஒருவன் கையைக் காட்டினான். சேச்சி தேவாலயத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார், தலை முக்காட்டை இன்னும் எடுக்கவில்லை. உள்ளே வா என்று சொல்லவில்லை. சின்ன மகள் பூசை முடியும் முன்பே அழுதுகொண்டு ஓடி வந்துவிட்டாளாம். கூட்டாளிப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார விடவில்லையாம்.

நான் என்னென்னவோ சொன்னேன். இங்கிலீஷ் வார்த்தையால் வந்த வினை, சாயிப்புக்கு நம்ம பாஷை தெரியாது, மாப்பை வாங்கிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டால் நாளடைவில் எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்றெல்லாம். சேச்சி முழுவதும் கேட்டார்.

"ஆரொக்கெ எடுத்து என்னு எனிக்கறியாம் சாறே. கோப்பை கழுகுன்னது ஞானல்லே? பட்டர் சாறு ரெண்டு. மேஸ்திரி ஒண்ணு. சாறின்டெ மேசையின்னு ஒரே திவசம் மூணு."

பட்டர் சாறு என்றது எங்கள் ஹெட் கிளார்க் ஐயரை. கடைசிக் கணக்கு என்னுடையது.

"ஞான் ஆரோடும் பறஞ்ஞிட்டில்ல. பறயுகயும் இல்ல. பறயேண்டது ஞானல்ல" என்றார். சொல்ல வேண்டியது தானில்லை என்று அர்த்தம். கதவைச் சாத்தவில்லை, ஆனால் உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அகராதியை எடுத்துப் பார்த்தேன். அமானிதம் எங்கேயும் இல்லை. மறதி என்று பொருள் தரும் ஒரு கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாம். எங்கள் வார்த்தை நினைவில் வைத்திருந்து திருப்பிக் கொடு என்கிறது, அவர்கள் வார்த்தை எல்லாவற்றையும் மறந்துவிடு என்கிறது. இரண்டையும் ஒன்று என்று சுவரில் எழுதி ஒட்டிய மேதாவி நான்.

திங்கட்கிழமை ஆபீஸில் சாயா இல்லை. மேஸ்திரி போட்டுப் பார்த்தார், அது கஷாயம். பதினொரு மணிக்கெல்லாம் எல்லோருக்கும் தலைவலி. நான் சாயிப்பின் அறைக்குள் போய் மூன்று ஸ்பூனையும் அவருடைய மை ஒற்றும் தாளின்மேல் வைத்தேன். கப்பல் மேலே தெரிகிற மாதிரிதான் வைத்தேன். இவை என் வீட்டில் இருந்தன, சேச்சி ஒன்றும் எடுக்கவில்லை, நோட்டீஸைத் தப்பாக எழுதியதும் நான்தான் என்று சொன்னேன்.

சாயிப்பு ஸ்பூன்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

"அம்னெஸ்டி சனிக்கிழமை பன்னிரண்டு மணியோடு முடிந்துவிட்டதே" என்றார்.

கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார். பிற்காலத்தில் இந்த வார்த்தையை எத்தனையோ இடத்தில் பார்த்தேன். நூலகத்தில் புத்தகம் திருப்பித் தராதவர்களுக்கு, வரி ஒளித்தவர்களுக்கு, பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாதவர்களுக்கு. எங்கே பார்த்தாலும் கூடவே ஒரு கடைசித் தேதி இருக்கும். அதுவரைக்கும் பெரிய மனசு, அதற்கு மறுநாள் சட்டம். எனக்கு அந்த மாதத்தோடு வேலை இல்லை என்றார் சாயிப்பு. மற்ற ஸ்பூன்களைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஹெட் கிளார்க் ஒரு பென்சிலை அத்தனை பக்தியோடு சீவிக்கொண்டிருந்தார். தெரியாது என்றேன். சேச்சியே சொல்லாதபோது நான் யார்?

இப்போது சாயிப்புக்கு வேறொரு சங்கடம் வந்தது. கொடுத்த மன்னிப்பை எப்படித் திரும்ப வாங்குவது? கம்பெனி விதிகளில் அதற்கு வழி இல்லை. இங்கிலீஷில் ஒரு நல்ல கடிதம் எழுதலாம் என்றார். அது முடியாது என்று வைப்பினிலிருந்து படகுக்காரர் வழியாகப் பதில் வந்தது. எல்லோர் முன்னாலும் வாயால் கொடுத்தது, எல்லோர் முன்னாலும் வாயால்தான் எடுக்க வேண்டும். அதுவும் இங்கிலீஷில் சொன்னால் செல்லாது.

ஆக, வேலை போன நான் மேனேஜருக்கு மலையாளம் கற்றுக் கொடுத்தேன். என் தவறு, சேச்சி குற்றமற்றவர் என்று ஒரு வாக்கியம் தயார் செய்தேன். அதில் இருந்த றகரத்தில் சாயிப்பின் நாக்கு சிக்கிக்கொண்டு வெளியே வரவே இல்லை. ரகரம், லகரம் என்று சுருக்கிச் சுருக்கிக் கடைசியில் அவர் வாய்க்கு அடங்கியது ஒரே ஒரு வரி. புதன்கிழமை காலை வரை அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு அறைக்குள் நடந்தார்.

புதன்கிழமை சேச்சி வந்தார். இரண்டு மகள்களையும் கூட்டி வந்திருந்தார். ஆபீஸ் ஆட்கள், கிடங்குப் பெண்கள், மூட்டைக்காரர்கள் என்று சாயா அறை முன்னால் நிற்க இடமில்லை. சாயிப்பு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஸ்பூனை நான் எடுத்ததாக எல்லோரும் கேட்கும்படி முதலில் என்னையே சொல்ல வைத்தார். சொன்னேன். காது எரிந்தது. அதற்குப் பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கப்பலுக்குக் கேட்கிற குரலில் சொன்னார்:

"சேச்சிக்கு மாப்பில்லா!"

பின்னால் நின்ற கிடங்குப் பெண்களில் ஒருத்தி, என்ன ஏது என்று தெரியாதவள், ஐயோ பாவம் என்று நெஞ்சில் கை வைத்தாள். சேச்சியின் முகம் தெளிந்தது. சின்ன மகள் அம்மாவின் முண்டுத் துணியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். எல்லோருக்கும் கேட்டதா என்பதைப் போல சேச்சி ஒருமுறை சுற்றிலும் பார்த்தார்.

"மதி" என்றார், போதும் என்று.

சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். ஸ்டவ் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சாயா வந்தது, ஜூ டவுன் ஸ்பூன்களோடு. சாயிப்புக்கு வந்தது. ஹெட் கிளார்க்குக்கு வந்தது, அவர் கண்ணை உயர்த்தாமல் கலக்கினார். மேஸ்திரிக்கு வந்தது. எடுத்தவன், எடுக்காதவன் எல்லோருக்கும் வந்தது. என் மேசையைத் தாண்டித் தட்டு நேராகப் போனது. மற்றவர்கள் ஸ்பூனை எடுத்தார்கள், அவ்வளவுதான். மூன்றைப் பையில் வைத்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்து, ஸ்பூன் எடுத்ததினு மாப்பு என்று சொன்னவன் நான். மாதம் முடிய இன்னும் பதினாறு நாள் இருந்தது. பதினாறு நாளும் எனக்குச் சாயா வரவில்லை, நானும் கேட்கவில்லை.